துணைவேந்தரின் தோளில் போன துணி

ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, முன்னால் போகும் வெள்ளைக் காரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

"சார்! தோளைக் குலுக்காதீங்க! அது கலைப்பொருள்!"

காரின் பின் சீட்டில் முன்னாள் துணைவேந்தர் அறவாழி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் கலைஞர் இபினாபோவின் துணி கிடந்தது. சாலையில் பள்ளம் வந்தபோதெல்லாம் கார் குலுங்கியது. துணியும் குலுங்கியது.

"உள்ள வாய்யா. கம்பத்துல இடிச்சிக்கப் போற" என்றார் பக்கத்தில் இருந்த அகோசுவா அக்கா. "ஏற்கெனவே தட்டையா கீற. இன்னும் தட்டையாய்ட்டா உன்ன மடிச்சித்தான் எட்த்துகினு போவணும்."

அகோசுவா அக்கா ஓர் எண்ணெய் வண்ண ஓவியம். அக்ராவில் தீட்டப்பட்டவர். நீல கவுன் அணிந்து மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக ஓவியர் வரைந்திருந்தார். ராயபுரத்துக்கு வந்த பிறகு, படங்களை மாட்டுகிறவர்களிடமிருந்து தமிழ் கற்றுக்கொண்டார். அதனால் முதலில் வந்தவை கெட்ட வார்த்தைகள். மற்றவை பிறகு வந்தன. இப்போது மஞ்சள் நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் இருந்தார். ஃப்ரேமுக்குள் வெறும் பச்சைப் பின்னணி மட்டும் இருக்கும். இது சாப்பாட்டு நேரம், ஏன் காலி என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"நீங்க எதுக்குக்கா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"குந்திகினே இருந்தா காலு மரத்துப் போவுது" என்றார்.

நியாயமான காரணம். மேலே கேட்கவில்லை.

நடந்தது இதுதான். துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றில் ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க வம்சாவளிக் கலைஞர்களின் சமகாலக் கலைக் கண்காட்சி ஏற்பாடாகியிருக்கிறது. நான் தணிகாசலம், அதன் பொறுப்பாளர். யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. டாக்காரிலிருந்து வந்த பழைய ரேடியோக்களின் குவியல் ஒன்று உண்டு. யாராவது நெருங்கினால் எல்லா ரேடியோவும் ஒன்றாகத் தொண்டையைச் செருமும். ஜோகன்னஸ்பர்க் கலைஞரின் வீடியோ ஒன்றில் ஒரு மனிதர் நடந்துகொண்டே இருப்பார். திரையின் ஓரத்துக்கு வந்ததும் என்னிடம் மணி கேட்பார். சொல்வேன். திரும்பி நடப்பார். கஷ்டமான வேலை என்று சொல்ல முடியாது.

இபினாபோவின் துணிதான் கண்காட்சிக்கே உயிர். அவர் நைஜர் நதியின் முகத்துவாரத்தில் வாழும் களபாரி இனத்தவர். லண்டனில் வளர்ந்தவர். சென்னையிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் போன கட்டம் போட்ட பருத்தித் துணியைக் களபாரிகள் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள். குழந்தை பிறந்தாலும் அதுதான். பெரியவர் இறந்தாலும் அதுதான். அப்படியே உடுத்துவதில்லை. பிளேடால் நூலை நறுக்கி, ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறார்கள். உருவிய இடமெல்லாம் பூவாகிவிடுகிறது. இபினாபோ ஓர் ஆள் நீளத் துணியில் அந்த வேலையைச் செய்திருந்தார். மூன்றாம் எண் சுவரில் மாட்டியிருந்தோம்.

இன்று காலை பத்திரிகையாளர் சந்திப்பு. கண்காட்சியின் செயலாளர் வேதநாயகி மேடம், அறவாழியைப் புகழ்ந்து முடித்துவிட்டுக் கையைப் பின்னால் நீட்டினார். மேடையில் கையைப் பின்னால் நீட்டினால் பொன்னாடை வரும். யார் கொடுக்கிறார் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கைக்குத் துணி வந்தது. மேடம் போர்த்தினார். கேமராக்கள் மின்னின. அறவாழி கும்பிட்டார், காரில் ஏறினார், போய்விட்டார்.

பொன்னாடை வாங்க மறந்துவிட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

மூன்றாம் எண் சுவர் காலியாகியிருந்தது. காலியான சுவரை யாரும் நேராகப் பார்ப்பதில்லை. குளிக்கிறவரைப் பார்ப்பது மாதிரி அது. வேதநாயகி மேடம் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு என்னிடம் பேசினார்.

"சுவர் காலியா இருக்கக் கூடாது தணிகாசலம்."

"தெரியும் மேடம்."

"ஆர்ட்டிஸ்ட் சாயங்காலம் வந்துருவாங்க. அதுக்குள்ள துணி வரலைன்னா உங்களைத்தான் மாட்டணும்."

"தெரியும் மேடம்."

"இங்க முடிஞ்சு அடுத்தது லிஸ்பன். அப்புறம் டாக்கார். வீட்டுல சொல்லிருங்க."

என் மனைவி குமுதாவுக்கு போன் செய்தேன்.

"எத்தனை நாளைக்கு?" என்றாள்.

"நிரந்தரத் தொகுப்புல சேத்துட்டா சொல்ல முடியாது."

"கண்ணாடி போட்டு மாட்டச் சொல்லுங்க. உங்களுக்கு ஈரக் காத்து ஒத்துக்காது." பிறகு மூக்கை உறிஞ்சினாள். "பால் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனீங்களே."

போனை வைக்கும்போதே என் இடது பக்கம் தட்டையாகத் தொடங்கிவிட்டது. காது கன்னத்தோடு ஒட்டியது. மாட்டப்படப் போகிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்றார்கள். ஆட்டோ பிடித்தேன். அகோசுவா அக்காவும் நாற்காலியோடு ஏறிக்கொண்டார். டிரைவர் என்னைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, அகோசுவா அக்காவுக்கு மட்டும்தான் சவாரி என்று நினைத்துக்கொண்டார்.

வேப்பேரி சிக்னலில் வெள்ளைக் கார் நின்றது. இறங்கி ஓடினேன். கண்ணாடியைத் தட்டினேன். அறவாழி கண்ணைத் திறந்தார்.

"ஐயா, அந்தத் துணியைக் கொஞ்சம் குடுத்துருங்க."

"போர்த்தினதைத் திருப்பிக் கேக்கறீங்களா? நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலீங்கய்யா."

"அப்போ என் கௌரவம் அப்படியேதானே இருக்கு? இதைக் கழட்ட முடியாது." அவர் துணியை இழுத்துக் காட்டினார். தோலோடு வந்தது. "பாத்தீங்களா? இது இறங்கணும்னா ஒரே வழிதான். இன்னொருத்தரை நான் கௌரவிக்கணும்."

"என்னைக் கௌரவிங்க ஐயா."

"தாராளமா. நீங்க என்ன சாதிச்சிருக்கீங்க?"

யோசித்தேன். பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஒன்றில் ஓடியது ஞாபகம் வந்தது. எந்த இடம் என்பது ஞாபகம் வரவில்லை. நிறைய யோசித்தேன். விளக்கு பச்சையானது. கார் போய்விட்டது.

ஆட்டோ என் பக்கத்தில் வந்து நின்றது.

"ஒண்ணுகூட தேறலியா?" என்றார் அகோசுவா அக்கா.

"இல்லக்கா."

"என்னிய வரைஞ்ச ஆளுக்கே பொன்னாட கெடைக்கல. உனக்கா கெடைக்கப் போவுது? ஏறு."

புரசைவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் கார் நுழைந்தது. நாங்களும் நுழைந்தோம். உள்ளே சொர்ணலிங்கம் என்பவரின் பணி ஓய்வு விழா நடந்துகொண்டிருந்தது. அவர் போன வாரமும் ஓய்வு பெற்றார். அதற்கு முந்தைய வாரமும் பெற்றார். நன்றாக வருகிறது என்பதால் தொடர்ந்து செய்யச் சொல்லியிருந்தார்கள்.

மேடையில் ஒரு பெரிய துணி உருண்டை இருந்தது. அதுதான் சொர்ணலிங்கம். பொன்னாடைக்கு மேல் பொன்னாடையாகப் போர்த்தி, மூக்குக்கண்ணாடி மட்டும் ஓர் இடுக்கில் தெரிந்தது. அறவாழி மேடையேறினார். பேசினார். இபினாபோவின் துணி அவர் தோளிலிருந்து வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்தது. அதை உருண்டையின் மேல் போர்த்தினார்.

எனக்கு மூச்சு வந்தது. போய்விட்டது.

மேடைக்குக் கீழே ஒரு வரிசை நின்றிருந்தது. தொழிற்சங்கத்தார், சம்பந்தி வீட்டார், மாடி வீட்டுக்காரர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொன்னாடை. அடுத்த பொன்னாடை விழுந்தால் இபினாபோவின் துணி அடியில் போய்விடும். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. டாக்காருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுகூட அதைத் தோண்டி எடுக்க முடியாது.

மேடைக்குப் பாய்ந்தேன். "சொர்ணலிங்கம் சார்!"

"யாரு?" உருண்டையின் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெளிய என்ன, வெயிலா மழையா?"

"வெயில் சார். மேல கிடக்கிற துணியை எனக்குப் போர்த்துங்க சார். உடனே."

"போர்த்தலாம். நீங்க என்ன சாதிச்சிருக்கீங்க?"

சங்கத் தலைவர் மேடையின் முதல் படியில் கால் வைத்துவிட்டார். அவர் கையில் சிவப்புப் பொன்னாடை. என் இடது கண் தட்டையாகி, பாதி மண்டபம் ஓவியமாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

மைக் கரகரத்தது. அகோசுவா அக்கா அதைப் பிடுங்கியிருந்தார்.

"அல்லாருக்கும் வணக்கம்பா. நானு அக்ராலேந்து வரேன். இதோ நிக்கிறாரே, பேரு தணிகாசலம். இவுரு ஒண்ணியும் சாதிக்கல."

சங்கத் தலைவர் அடுத்த படியில் கால் வைக்காமல் நின்றார்.

"சும்மா கீறது ஈசின்னு நெனச்சிகினியா? எம்மாம் வருசமா படத்தாண்டயே நிக்கிறாரு. ஒரு படத்தக்கூட தொட்டதில்ல. வர்றவன் போறவன்லாம் வெரல நீட்டுவான். குட்டிப் பையன் வந்து நக்கிப் பாப்பான். இவுரு தொட மாட்டாரு. ஆச இல்லாமலா? கேளு அவர. யோவ், ஆச இருந்துச்சா இல்லியா?"

"இருந்தது" என்றேன்.

"எத்த தொடணும்னு ஆச?"

மண்டபமே என்னைப் பார்த்தது. இதை நான் குமுதாவிடம்கூடச் சொன்னதில்லை.

"ரேடியோக் குவியல்ல கீழ் வரிசையில ஒரு மர ரேடியோ இருக்கு. அதுல ஒரு குமிழ். அதை ஒரே ஒரு தடவை திருகிப் பாக்கணும்."

"திருகினியா?"

"இல்ல."

பின் வரிசையில் ஒரு பெண்மணி தேம்பினார். மாடி வீட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்தார். துணி உருண்டை குலுங்கியது.

"நான் ஆபீஸ்ல ஒண்ணையும் விட்டு வைக்கலை" என்றார் சொர்ணலிங்கம் உள்ளேயிருந்து. "எல்லா ஃபைலையும் தொட்டேன். தேவையில்லாததையும் தொட்டேன். கிட்ட வாங்க தம்பி."

கிட்டப் போனேன். ஓர் இடுக்கிலிருந்து இரண்டு கைகள் வந்தன. இபினாபோவின் துணி என் தோளில் விழுந்தது. கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. சங்கத் தலைவர் சிவப்புப் பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் தனக்கே போர்த்திக்கொண்டார்.

துணி கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. உருவிய இடங்கள் வழியாகக் காற்று வந்து கழுத்தைத் தடவியது. விதிப்படி நான் அதைத் தொடவில்லை. அதுதான் என்னைத் தொட்டது.

"போஸ் குட்த்தது போதும், ஓடு" என்றார் அக்கா.

ஓடினோம். ராயபுரம் கிடங்கின் வாசலில் ஏற்கெனவே விழாக் கமிட்டியின் கார் நின்றிருந்தது. இபினாபோ வந்துவிட்டார்.

உள்ளே தாழ்வாரத்தின் கடைசியில் மூன்றாம் எண் சுவர். அதன் முன்னால் வேதநாயகி மேடம் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கிடங்கில் வரவேற்புரை நீண்டால் தாழ்வாரமும் நீளும். பழைய கட்டடம். மேடம் சங்க காலத்திலிருந்து தொடங்கியிருந்தார். யவனர்களின் கப்பல்களுக்கு வந்தபோது சுவர் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

ஓடினோம். ரேடியோக் குவியலைக் கடந்தோம். தொண்டையைச் செருமியது. மேடம் மிளகு ஏற்றுமதிக்கு வந்தார். ரேடியோக் குவியலை மறுபடி கடந்தோம். ஜோகன்னஸ்பர்க் மனிதர் திரையின் ஓரத்துக்கு வந்து எங்களோடு கூடவே நடந்தார்.

"மணி என்னங்க?"

"இப்போ முடியாது!"

"சரிங்க" என்று திரும்பி நடந்தார்.

என் இரண்டு கால்களும் தட்டையாகிவிட்டன. ஓடும்போது தபால் உறைகள் மாதிரிச் சடசடத்தன. மேடத்தின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "இனி, பல்லவர் காலத்தைப் பற்றிச் சுருக்கமாக..."

"அய்யய்யோ" என்றேன்.

அகோசுவா அக்கா நின்றார். நாற்காலியைக் கீழே வைத்தார். அதன் மேல் ஏறினார். கைகளை வாயருகே குவித்தார்.

"சாப்பாடு ரெடி!"

வரவேற்புரை அந்த இடத்திலேயே நின்றது. தாழ்வாரம் ரப்பர் மாதிரிச் சுருங்கியது. நாங்கள் கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தோம்.

இபினாபோ முன் வரிசையில் எழுந்து நின்றார். உயரமானவர். பயணப் பெட்டி இன்னும் கையில் இருந்தது. அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். எங்களுக்குத் தமிழில் கேட்டது. ஒலிபெருக்கி அந்த மாதிரி.

"என் துணி இவர் மேல் இருக்கிறதே" என்றார்.

"ஒரே நிமிஷம் மேடம்" என்றார் வேதநாயகி. பிறகு என் பக்கம் சீறினார், சுவர்ப் பக்கம் பார்க்காமலே. "கழட்டி மாட்டுங்க தணிகாசலம்!"

"கழட்ட வராது மேடம். யாரையாவது கௌரவிக்கணும்."

"சுவரைக் கௌரவிங்க."

"சுவர் என்ன மேடம் சாதிச்சிருக்கு?"

வேதநாயகி மேடம் யோசித்தார். பொதுவாக யாரைப் பற்றியும் அவரால் உடனே பேச முடியும். இந்த முறை வரவில்லை. "அப்போ வேற வழியில்லை. துணியோட சேத்து மாட்டிருங்க."

மாட்டுகிற ஆள் சுத்தியலும் கம்பியுமாக வந்தார். தெரிந்தவர்தான். அவர் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கொக்கி காதுல போடவா, தோள்ல போடவா?"

"தோள்லயே போடுப்பா. குமுதாவுக்கு போன் பண்ணிச் சொல்லிரு. கண்ணாடியும் போட்டாச்சுன்னு சொல்லு."

பின்னால் நகர்ந்தேன். முகத்தைத் திருப்பாமல் நகர்ந்தேன், மரியாதைக்காக. முதுகு முழுக்கத் தட்டையாகி, சுவருக்குத் தயாராக இருந்தது. கண்ணை மூடினேன்.

"எந்தச் சுவர்?" என்றார் இபினாபோ.

கண்ணைத் திறந்தேன். அவர் என் தோளுக்கு மேலாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர். பார்க்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. அவர் பார்த்ததால் மற்றவர்களும் பார்த்தார்கள். நானும் திரும்பினேன்.

அங்கே சுவர் இல்லை. பெரிய பழைய ஜன்னல் இருந்தது. கம்பி இல்லாத ஜன்னல். கதவுகள் இரண்டும் திறந்திருந்தன. வெளியே துறைமுகம், கிரேன்கள், அவற்றைத் தாண்டிக் கடல். ஒரு கப்பல் மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. இன்னும் ஓரடி பின்னால் வைத்திருந்தால் கீழே மீன் ஏலக் கூடத்தில் விழுந்திருப்பேன்.

ரேடியோக்கள்கூடச் செருமவில்லை.

"ஜன்னல்ல ஆளை மாட்ட முடியாதுங்க மேடம்" என்றார் சுத்தியல்காரர் கடைசியில். "ஆணி எங்க இறக்குறது?"

வேதநாயகி மேடம் ஜன்னலை மேலும் கீழும் பார்த்தார். ஏமாற்றம் தெரிந்தது. "முடியாதுதான்" என்றார்.

என் கால்களுக்குள் ஏதோ நிரம்பியது. முதுகு திரண்டது. காது கன்னத்தைவிட்டு எழுந்தது. யாரோ ஓர் ஆளுக்குக் காற்றடிக்கிற மாதிரி இருந்தது. அந்த ஆள் நான்தான். போனை எடுத்துக் குமுதாவைக் கூப்பிட்டேன்.

"மாட்டலை" என்றேன்.

அவள் அழுதாள். பிறகு, "அரை லிட்டர் போதும்" என்றாள்.

இபினாபோ என் அருகே வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் துணியைக் கவனமாகப் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஒரு பிளேடை எடுத்தார். என் தோளருகே ஒரு நூலை நறுக்கி, மெதுவாக உருவினார். அது முடிவில்லாமல் வந்துகொண்டிருந்தது, பிறகு முடிந்தது.

"இது ஒன்று அதிகமாக இருந்தது" என்றார். "லண்டனில் தெரியவில்லை. ஆள் மேல் போட்டதும் தெரிகிறது."

"கழட்டிடுங்க மேடம்" என்றேன்.

"நான் போர்த்தவில்லையே. எப்படிக் கழற்றுவேன்? நீங்களே வைத்திருங்கள், கண்காட்சி முடிகிறவரை. நடமாடுங்கள். நன்றாக இருக்கிறது." பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்தார். "ஆனால் ஒன்று தெரிய வேண்டும். நான் இந்தத் துணியை உறுதியாகக் கட்ட நாடாவும் வைத்து அனுப்பியிருந்தேன். இதை அவிழ்த்துக் கொடுத்த கை யாருடையது?"

"நான் கையைப் பின்னால நீட்டினேன். வந்துச்சு" என்றார் வேதநாயகி மேடம்.

"யார் கொடுத்தார்கள்?"

"அதைப் பாக்கற வழக்கம் இல்லைங்க மேடம்."

பத்திரிகையாளர்கள் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். கமிட்டி உறுப்பினர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சுத்தியல்காரர் சுத்தியலை ஒளித்தார். நானும் என் கைகளைத் துணிக்குள் இழுத்துக்கொண்டேன், நான் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தும்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அகோசுவா அக்கா மஞ்சள் நாற்காலியை ஜன்னலுக்கு நேராகப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு அல்லாரும் கைய ஒளிச்சிக்கிறீங்க?" என்றார் திரும்பாமலே. "கப்பல்லதான் வந்தேன். பொட்டிக்குள்ள போட்டு ஆணியடிச்சி எட்த்துகினு வந்தீங்க. கடலையே கண்ணால பாக்கல. எறக்கினதும் இந்தத் துணிக்கு எதிர்ல மாட்டினீங்க. காத்தடிச்சா ஓரம் தூக்கும், இத்துனூண்டு நீலம் தெரியும், மூடிக்கும். காலைல அந்தம்மா கைய நீட்டுச்சு. துணிய அவுத்து அது கைல வச்சிட்டேன்."

வேதநாயகி மேடம் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் கொஞ்சம் பழுப்பு வண்ணம், இன்னும் ஈரமாக, ஒட்டியிருந்தது.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை.

"அப்புறம் ஏன்க்கா துணியைத் தேட எங்கூட ஓடி வந்தீங்க?"

அகோசுவா அக்கா கப்பலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"துணி கெடைக்கலன்னா உன்னத்தான இங்க கடல மறைச்சி மாட்டுவாங்க. துணின்னா ஓரமாச்சும் தூக்கும்."